மஞ்சள் சட்டைக்குள் ஒரு தலை

ஏப்ரல் 14, ஞாயிறு

இரண்டுக்கு ஒன்று. ஜெயித்துவிட்டோம்! தொண்டை போயே போச்சு.

இன்றைக்கு நான் செய்த மடத்தனம்: கடையில் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் கால்பந்து மைதானத்துக்கு ஓடினேன். சீருடை சிவப்பு. ஆட வந்த ஹராரே அணியின் நிறமும் அதே சிவப்பு. எங்கள் புலவாயோ ரசிகர்களின் படிக்கட்டில் சிவப்போடு ஏறினால் பெற்ற தாயையும் இறக்கிவிடுவார்கள். என்னை விரட்ட விசில் கிளம்பிவிட்டது.

எப்போதும் என் பக்கத்தில் நிற்கும் ம்கோகெலி, "ஐயோ அக்கா, என்ன கோலம் இது! தல போயிரும், குனிங்க" என்று தான் போட்டிருந்த எங்கள் அணியின் மஞ்சள் சட்டையைக் கழற்றி என் தலைவழியே திணித்தான். முழு ஆட்டமும் வெற்றுடம்போடு குளிரில் நின்றான். சட்டை என்னிடமே தங்கிவிட்டது.

ஏப்ரல் 15, திங்கள்

தலைநகர் ஹராரேயின் பத்திரிகையில், முதல் பக்கப் படத்தில் நான்! முகம் சட்டைக்குள். மேலே ம்கோகெலியின் பல்லும் புஜமும். "இன்டெபெலே ரசிகர் வெறி: ஷோனாப் பெண் மீது தாக்குதல்." இந்த ஊர் இன்டெபெலே இனத்தாருடையது, நான் ஹராரேப் பக்கத்து ஷோனா; இரண்டுக்கும் பழைய பகை. சீருடையில் குத்திய பெயரட்டையைப் பார்த்தே என் இனத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஹராரேயிலிருந்து அண்ணன்: "அந்த ஊரு வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கெளம்பி வா." நடந்ததைச் சொன்னேன். "பயத்துல பேசுற" என்கிறான். பயமா? எனக்கா?

ஏப்ரல் 16

ம்கோகெலியைக் கால்பந்துச் சங்கம் விசாரிக்கப்போகிறது. குற்றம் என்று முடிவானால் ஆயுளுக்கும் மைதானத்தில் கால் வைக்க முடியாது. குளிரில் நின்றதற்கு இதுவா கூலி?

ஏப்ரல் 18

பத்திரிகைக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு நிருபர், "அப்ப அழுதீங்களா?" என்றார். "அழுதேன், ரெண்டாவது கோல் விழுந்தப்ப" என்றேன். வைத்துவிட்டார்.

உள்ளூர் ரேடியோவும் லேசுப்பட்டதில்லை. மாலை முழுக்க என்னைப் பற்றி வாக்குவாதம் — ஷோனாக்காரர்கள் நடிப்பார்களாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

ஏப்ரல் 21

எழுதப் பிடிக்கவில்லை. சட்டையைத் துவைத்தேன்.

ஏப்ரல் 24, புதன்

விசாரணை. அன்றைக்கு எனக்கு விசிலடித்த கூட்டம் அப்படியே வாசலில், ம்கோகெலிக்காகச் சாட்சி சொல்ல. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பதினோரு வருஷமாக இந்த ஊர்ச் சோற்றைத்தான் தின்கிறேன், இந்த ஜனங்கள்தான் என் ஜனங்கள்.

சங்கத் தலைவர் ம்கோகெலியிடம், "இந்தம்மா ஷோனான்னு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"போன வருஷம் பெனால்டிய விட்டப்ப என் தோள்ல சாஞ்சு அழுதாங்கய்யா. எந்த பாஷையில அழுதாங்கன்னு கவனிக்கல."

நான் பையிலிருந்து சீருடையை எடுத்து மேசைமேல் விரித்தேன். தலைவர் சிவப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டா அந்தப் படியில ஏறுன? தடை போடணும்னா உனக்குல்லம்மா போடணும்!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. விட்டுவிட்டார்கள். கடவுளே, நன்றி. நன்றி.

ஏப்ரல் 28, ஞாயிறு

பத்திரிகையில் மறுப்பு ஒரு வரிகூட இல்லை. போகட்டும்.

இன்றைய ஆட்டத்தில் ம்கோகெலியிடம் சட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். மோந்து பார்த்தவன் அலறினான்: "தொவைச்சிட்டீங்களா! தொவைக்காம வச்சதுலதான் இத்தன ஆட்டம் ஜெயிச்சோம்!"

ஆனாலும் எங்கள் அணி கோல் போட்டது. கீழே இருந்த கேமராக்காரர் எங்கள் பக்கம் திரும்ப, ம்கோகெலி இரண்டு கையையும் உயரத் தூக்கி, "நான் தொடலப்பா, பாத்துக்க!" என்றான். படிக்கட்டே சிரித்தது. நான்தான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். நாளைக்கு இது எந்தப் பத்திரிகையிலும் வராது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.