பள்ளிக்கூடத்துக்கு ஓர் அர்ச்சனை

என் அன்பு அப்பா,

நேற்று அம்மா கோயிலுக்கு எடுத்துவைத்த அர்ச்சனைத் தட்டில், வாழைப்பழத்துக்கும் வெற்றிலைக்கும் நடுவில் ஒரு புதுப் பேனை இருந்தது. அதைத்தான் முதலில் கண்டேன்.

இங்கே கனடாவில் நான் மூன்றாம் வகுப்பில் மாகாணச் சோதனை எழுதியபோது நீங்களும் இப்படித்தான் ஒரு நீலப் பேனை வாங்கி வந்தீர்கள். ஊரில் நீங்கள் எழுதிய புலமைப்பரிசில் பரீட்சை போலத்தான் இதுவும் என்று நினைத்திருப்பீர்கள். வேலைக்கு லீவு போட்டு, பேனையைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்துத் தந்தீர்கள். பயத்தில் பாதிக் கேள்விகளை விட்டுவிட்டேன். புள்ளிகள் வந்த கடிதத்தை மனசுக்குள்ளே வாசித்து, மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தீர்கள். என்னைப் பற்றி அப்போது என்ன நினைத்தீர்கள், அப்பா?

பிறகு எந்தச் சோதனைத் தாளைக் கண்டாலும் அந்தக் கடிதம்தான் ஞாபகம் வந்தது. பள்ளி டிப்ளோமாவுக்குத் தேவையான பத்தாம் வகுப்பு எழுத்தறிவுச் சோதனையில் இரண்டு தரம் தவறினேன். நீங்கள் காலமானதும் நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். இப்போது ஸ்காபரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றுகிறேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

இந்த வருடம் தங்கச்சி யாழினி மூன்றாம் வகுப்பு, அவளுக்கும் அதே சோதனை. ஒரு மாதமாக வகுப்பில் கதை வாசிப்பதில்லையாம், பயிற்சித் தாள்கள்தான். காலையில் வயிற்றுக்குத்து என்கிறாள். வெள்ளிக்கிழமை அவளைக் கூட்டிவரப் போனபோது சோதனையைப் பற்றி ஆசிரியையிடம் கேட்டுவிட்டேன். நான்தான், அப்பா. வழியெல்லாம் எனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பிள்ளையின் ரிப்போட்டில் அந்தப் புள்ளி சேராது, பள்ளிக்கூடம் எப்படிப் படிப்பிக்கிறது என்று பார்க்கத்தான் அது என்றார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லையா, நாங்கள்தான் கேட்கவில்லையா?

நேற்று அதை அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப ஆருக்குச் சோதினை?”

“பள்ளிக்கூடத்துக்கு.”

“பேனையும் தேவையில்லை அம்மா, எல்லாம் கொம்பியூட்டர்லதான்,” என்றாள் யாழினி.

“அப்ப அர்ச்சனையைப் பள்ளிக்கூடத்தின்ர பேருக்குச் செய்விப்பம்,” என்றேன்.

அம்மா தட்டைக் கையில் எடுத்தார். “ஐயர் நட்சத்திரம் கேட்பார். என்னெண்டு சொல்லுறது?”

பால் குடித்துக்கொண்டிருந்த யாழினிக்குப் புரையேறியது. அம்மாவும் சிரித்தார், நெடுநாளைக்குப் பிறகு. கோயிலால் வந்ததும் பேனையை என்னிடம் நீட்டினார். “உங்கட ரெண்டு பேரின்ர பேருக்கும்தான் செய்விச்சனான். இது உனக்கு.”

இன்று காலை யாழினி வயிற்றுக்குத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வாசலில் எனக்குக் கைகூடக் காட்டாமல் ஒரு தோழியோடு உள்ளே ஓடிவிட்டாள்.

எழுத்தறிவுச் சோதனைக்குப் பதிலாக ஒரு பாடம் எடுத்தும் டிப்ளோமாவை முடிக்கலாம் என்று அந்த ஆசிரியை அன்று சொல்லியிருந்தார். வளர்ந்தவர்கள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் விண்ணப்பம் சில நாளாக என் பையில் கிடக்கிறது. இந்த முறை முடிப்பேன், அப்பா. என்ன கடிதம் வந்தாலும் லாச்சிக்குள் வைக்க மாட்டேன், உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக வாசிப்பேன்.

பஸ் வருவதற்குள், தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து, புதுப் பேனையால் விண்ணப்பத்தில் என் பெயரை எழுதினேன்.

உங்கள் மூத்த மகள்