கிணற்றில் கிடந்த சப்பாத்துகள்

வுப்பர்டால்,
ஒக்டோபர் 19, 2025

அன்பு மகள் ஆதிரைக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். லித்துவேனியாவில் இப்போதே குளிர் இறங்கிவிட்டதாக நீ அம்மாவிடம் சொன்னாயாம். நீ ஜேர்மன் படையில் சேர்ந்தபின் நான் உனக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவின் முழங்கால் ஊசிக்குப் பிறகு பரவாயில்லை. டொக்டரிடம் அடுத்த டெர்மின் தை மாதம்தான் கிடைத்தது.

போன சனிக்கிழமை தபோதரன் மாமாவின் மகள் கலியாணத்துக்காக பிராங்போர்ட் போனோம். மறுநாள் மாமா எங்களைச் சால்பூர்க் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். மலைக்காட்டுக்குள் உரோமரின் எல்லைக் கோட்டை. மதிலைப் பிற்காலத்தில் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். என்னை நிறுத்தியது வெளியே புல்லுக்குள் கிடந்த பழைய அத்திவாரக் கற்கள்தான். குனிந்து கை வைத்தேன். ஈரமாக, சில்லென்று இருந்தது. ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவன் அதைத் தூக்கி வந்து அந்த இடத்தில் வைத்திருக்கிறான்.

கொஞ்சம் நடந்தால் எல்லை. மரங்களுக்கிடையில் ஒரு மண்மேடும் பள்ளமும், அவ்வளவுதான். அங்கே காவல் நின்றவர்கள் உரோமக் குடிமக்கள் அல்லவாம், வேறு இனத்தவராம். இருபத்தைந்து வருடம் படையில் நின்றால்தான் குடியுரிமை கிடைக்கும் என்றார் வழிகாட்டி டொறத்தி. “எங்களுக்கு அதைவிடக் கெதியாத் தந்திட்டாங்கள்” என்று அம்மா சிரித்தாள்.

பிறகு கோட்டைக்குள்ளே, பழைய கிணறுகளின் சேற்றிலிருந்து எடுத்த தோல் சப்பாத்துகளைக் காட்டினார்கள். அடியில் ஆணிகள். ஒன்றின் குதிப்பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தது. நீயும் அப்படித்தான் தேய்ப்பாய்; பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு சோடி ஒரு வருடத்துக்குக் காணாது. கண்ணாடிப் பெட்டியை விட்டு நகர ஏலாமல் நின்றேன். ஊரில் இராணுவச் சீருடையைக் கண்டால் ஒழுங்கையால் ஓடி ஒளித்து வளர்ந்தவன் நான். சீருடைக்காரரின் சப்பாத்துக்குள்ளும் யாரோ பெற்ற பிள்ளையின் கால் இருக்கும் என்று அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

இங்கே காவல் நின்றவர்களைப் பார்க்கத் தகப்பன்மார் இவ்வளவு தூரம் வந்திருப்பார்களா என்று டொறத்தியிடம் கேட்டேன். அவர் தெரியவில்லை என்றார். பக்கத்தில் நின்ற அம்மா, “அதை அவவிட்டக் கேட்டு என்ன, பிள்ளையிட்டக் கேளுங்கோ” என்றாள்.

அதனால் கேட்கிறேன். மார்கழி நத்தார் விடுமுறையில் எனக்கு வேலை இல்லை. உங்கள் முகாமுக்குள் வெளியாட்களை விடுவார்களா? விடாவிட்டாலும் பாதகமில்லை, வாசலடியில் நிற்பேன். உனக்கு வெளியே வர ஏலுமான நேரத்தை மட்டும் எழுது.

நல்லூரான் உன் பக்கத்தில் நிற்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, மகள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அப்பா
நித்தியானந்தன்