ராஜாத்திக்குச் சொல்லாதது

பாபநாசம்
6.8.1978

அன்புள்ள அம்சத்துக்கு,

கமலாம்பாள் எழுதுவது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் எழுதுகிறேன். உன் அப்பா வீரையன் கூலி உயர்வு கேட்டு எங்கள் வயலில் கொடி நட்டிருக்கிறார். அது ஆம்பிளைகள் விவகாரம். நம் நடுவில் வேண்டாம்.

இங்கிலாந்தில் சோதனைக் குழாயில் குழந்தை பிறந்ததாமே? நீ ஆஸ்பத்திரி லேபில் இருப்பவள். பத்து மாதமும் அதிலேயே வளருமா? எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். கருக்குழாய் அடைத்திருக்கிறது என்று தஞ்சாவூர் டாக்டரம்மா சொல்லிவிட்டார். "வாரிசு இல்லாம இந்த நிலத்தை யாருக்குடா கட்டிக் காக்குற? வேற பொண்ணு பாரு" என்று மாமியார் என் காதுபடவே அவரிடம் சொல்கிறார்.

உன் கமலா


சென்னை
20.8.1978

அன்புக் கமலா,

குழாயில் வளரவில்லையடி. கருமுட்டையை வெளியே எடுத்து, கண்ணாடித் தட்டில் புருஷனின் விந்தணுவோடு சேர்க்கிறார்கள். முதலில் முயலில் செய்தார்கள். பிறகு எத்தனையோ பெண்கள் வெறும் வயிற்றோடு திரும்பிய பின்தான் இந்த ஒன்று. முட்டை பேனாப் புள்ளியைவிடச் சிறியது. இரண்டாகும், நான்காகும், எட்டாகும். மூன்றாம் நாளுக்குள் கருப்பையில் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் எல்லாப் பிள்ளையையும் போலத்தான். நாலாம் வாரத்தில் இதயம் துடிக்கும். இரண்டு மாதத்தில் விரல் பிரியும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த வசதி இல்லை. ஆனால் எங்கே போனாலும் முதலில் புருஷனுக்கும் சோதனை செய்ய வேண்டும். அவரை அழைத்து வா.

அம்சம்


சென்னை
22.1.1979

கமலா,

போன மாதம் உன் வீட்டுக்காரர் சோதனைக்கு விந்து கொடுத்துவிட்டு, "ரிசல்ட்டெல்லாம் அவகிட்ட சொல்லுங்க, எனக்கென்ன குறை?" என்று கிளம்பிவிட்டார் அல்லவா? இரண்டு தரம் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். ஒரு விந்தணுகூட இல்லை. உன் குழாயைத் திறந்தாலும், இங்கிலாந்துக்கே போனாலும், அவரால் கரு உண்டாகாது. சோதனை முடிவுச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். பெண் பார்ப்பதை நிறுத்தச் சொல்.

உங்கள் நெற்களத்துக்குத் தீ வைத்ததாக அப்பாவைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். புகார் கொடுத்தது உன் வீட்டுக்காரர். அப்பா அதைச் செய்யக்கூடியவரா, நீயே சொல்.

அம்சம்


பாபநாசம்
3.3.1979

அம்சம்,

சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். அதை நீட்டினால் என்னைக் கொன்றுவிட்டு அவரும் செத்திருப்பார். போன வாரம் அவருக்கு இரண்டாம் கல்யாணம் முடிந்தது. பெண் பேராவூரணிப் பக்கம். பெயர் ராஜாத்தி, பத்தொன்பது வயது. என்னை "அக்கா, அக்கா" என்று சுற்றிவருகிறாள்.

உன் அப்பா வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி அவர் காலில் விழுந்தேன். ஒத்துக்கொண்டார். நீயும் எனக்காக ஒன்று செய். அந்தச் சீட்டைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே.

கமலா


சென்னை
9.4.1979

அப்பா வந்துவிட்டார். மூன்று பல் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அம்சம்


பாபநாசம்
11.6.1982

அம்சத்துக்கு,

மூன்று வருஷமாக உனக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ராஜாத்திக்கும் குழந்தை இல்லை. யாரோ கொடுத்த மருந்தில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். சூடு போட்டார்கள். "இதுவும் மலடுதானா?" என்று அவர் பெல்டை எடுக்கிறார். நான் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன்.

வியாழக்கிழமை மாமியார் அவளை உன் ஆஸ்பத்திரிக்கே அழைத்து வருகிறார். என்னால் தடுக்க முடியவில்லை. குறை அவளிடம்தான் என்று எழுதிக் கொடுத்துவிடு. அத்தோடு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பிழைத்துப்போவாள். உண்மை தெரிந்தால் நான் என்ன ஆவேன், யோசி.

கமலா


சென்னை
18.6.1982

கமலா,

ராஜாத்தி நேற்று வந்தாள். முதுகைப் பார்த்தேன். அவளிடம் எந்தக் குறையும் இல்லை. உன் மாமியாரை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு, உன் வீட்டுக்காரரின் சோதனை முடிவு இருக்கும் பழைய ரிஜிஸ்தரை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "எனக்கும் தெரியும்" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு பின்வாசல் வழியாகத் தனியாக இறங்கிப் போனாள். எங்கே என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இதை மறைத்துத்தான் அவரை வெளியே எடுத்தோம் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. உன் வீட்டுக்காரர் அவர்மேல் மறுபடி வழக்குப் போடட்டும். நீ எனக்கு இனி எழுத வேண்டாம்.

அம்சம்