எதிர்: ஒன்று

சிகாகோ
12.02.2025

அன்பு மகள் மதுஜாவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாற்பது வருட இயக்க வாழ்க்கையின் காகிதங்களைப் பதினொரு பெட்டிகளில் இங்குள்ள பல்கலைக்கழக நூலகத்திடம் கொடுத்துவிட்டேன். அமெரிக்க சோசலிச இயக்கத்தில் ஒரு மட்டக்களப்பானும் இருந்தான் என்று நாளைக்கு யாராவது எழுதுவார்கள். எல்லாவற்றையும் இணையத்திலும் போட்டிருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் பார்.

முழங்கால் சொல்வழி கேட்பதில்லை. கூட்டத்துக்குப் படியேற முடியவில்லை. இனி சுவிஸுக்கு வந்து உங்களோடு இருக்க விரும்புகிறேன். 1991இல் அம்மா காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் வராததை நீ மனதில் வைத்திருப்பாய். கட்சிக் கிளை அனுமதிக்கவில்லை. கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான், மகள்.

உன் அப்பா,
பத்மநாதன்

பாடன்
03.03.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட அவர் இருக்கும் சோலோதுர்னுக்குப் போனேன். அன்றைக்கே சின்ன அறையில் இருந்த தையல் மெஷினை அகற்றச் சொன்னார். "கட்சி விடேல்லை, அந்த மனுசன் என்ன செய்யிறது" என்று முப்பத்துநான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருடம் மற்றவர்களின் கணவன்மாரைக் குளிப்பாட்டியவர், இப்போது "கொப்பருக்கு உறைப்பு ஒத்துவருமோ" என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் வருவதற்கு அம்மாவின் விண்ணப்பமும் என் பொறுப்புக் கையெழுத்தும் வேண்டுமாம். படிவங்களை எடுத்துவிட்டேன். கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மாவுக்காகச் செய்கிறேன். உங்கள் பெட்டிகளை வேலைக்குப் போகவர ரயிலில் வாசிக்கிறேன்.

மதுஜா

பாடன்
21.03.2025

அப்பா,

ஆறாம் பெட்டி. உங்கள் கிளையில் எதிர்த்து விழும் வாக்கைப் பெயரோடு எழுதி வைப்பது வழக்கமாம். செயலாளர் நீங்கள், எழுத்தும் உங்களுடையது. 1991 ஏப்ரல் 9: "தோழர் பத்மநாதன் சுவிஸில் நோயுற்றிருக்கும் மனைவியிடமும் குழந்தையிடமும் போக ஆறு மாத விடுப்பு. ஆதரவு: ஆறு. எதிர்: ஒன்று, பத்மநாதன்." அடுத்த பந்தி, மண்டபத்தின் ஹீட்டரைத் திருத்துவது பற்றியது.

ஆறு பேர் போகச் சொல்லியும் நீங்கள் போகவில்லை.

அப்போது எனக்கு ஆறு வயது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து மாதமும் என்னைப் பிள்ளைகள் இல்லமொன்றில் வைத்திருந்தார்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் அங்கே இல்லை. அம்மா என்னைக் கூட்டிப்போக வந்த அன்று நான் அங்கே பழகின ஜெர்மன் மொழியில், டொச்சில் கதைத்தேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

பதிவு பிழை என்றால் சொல்லுங்கள்.

மதுஜா

சிகாகோ
02.04.2025

அன்பு மகள்,

பதிவு சரி. நான் பதிவைப் பிழையாக எழுதுவதில்லை.

இங்கே சிகாகோவில் ஆஸ்பத்திரித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் அப்போது பத்தாவது வாரம். நூற்றிருபது குடும்பங்கள். என் ஒரு குடும்பத்துக்காக அவர்களை நடுவழியில் விட மனம் வரவில்லை. அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கிளை விடவில்லை என்று எழுதினால் உன் அம்மா சிவமணிக்கு நோவு குறையும் என்று நினைத்தேன். வருடங்கள் போகப்போக மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அவளிடம் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பா

பாடன்
19.05.2025

அப்பா,

சொல்லவில்லை. படிவங்களையும் கொடுக்கவில்லை. என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. வெளிநாட்டவர் அலுவலகம் மறுத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். உங்கள் மகள்தானே, வாய் தடுமாறவே இல்லை.

அவர் அழவில்லை. எந்த அதிகாரி என்று கேட்டார். பெயர் தெரியாது என்றேன். "அவையளும் மனுசர்தானே, எழுதினால் விளங்கும்" என்று, வேலையிடத்தில் பழகின டொச்சில் ஐந்து பக்கம் எழுதினார். நீங்கள் எத்தனை பேருக்காகப் பாடுபட்டவர் என்று எழுதியிருக்கிறார். மனைவி பிள்ளையை ஒருநாளும் மறந்ததில்லை என்றும் எழுதியிருக்கிறார். பிழை திருத்தச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பக்கத்தில் இருந்து வினைச்சொற்களைத் திருத்திக் கொடுத்தேன். அந்த வசனங்களை மட்டும் வெட்ட எனக்குக் கை வரவில்லை.

தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார். அனுப்ப வேறு விலாசம் இல்லை, ஆகவே ஐந்து பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் நூலகத்திடம் கொடுங்கள். அம்மாவிடம் பிரதி இல்லை.

எனக்கு இனி எழுத வேண்டாம். பதில் வந்துவிட்டதா என்று அம்மா தினமும் பத்து மணிக்குக் கீழே இறங்கிப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறார்.

மதுஜா