நான் உழக்கிய வேகத்தில் உன் குரல்

இன்று காலை பக்கத்து வீட்டு ரீச்சரின் போனில் நீ பாடிக்கொண்டிருந்தாய். நான் மதிலோரம் நின்று முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் காதலனை வழியனுப்புகிற ஒருத்தியின் பாட்டு. நீ விமான நிலையத்தின் வாசலைக்கூடக் கண்டதில்லை. பலாலிப் பக்கம் இரைச்சல் கேட்டால் பதுங்கு குழிக்குள் ஓடுவதுதான் உனக்கும் விமானத்துக்கும் இருந்த உறவு.

ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கேட்டனீங்களே? உங்கடை சிநேகிதி எல்லே? என்ன இனிமை! இருந்திருந்தா எங்கையோ போயிருப்பா."

"ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் வந்துவிட்டேன். உருவின இலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். செத்து முப்பது வருடமாகப் போகிறது, இப்ப என்னடி அழுகை என்று கேட்பாய். அந்தப் பாட்டு உன்னுடையது இல்லை. குரலும் உன்னுடையது இல்லை. அதற்குப் பொறுப்பு நான். உன்னிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் குரல் கனத்த குரல். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்குப் பாட விட்டால் உன்னைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள். ஆம்பிளைப் பிள்ளை பாடுகிற மாதிரி இருக்கிறது என்று வாய்க்குள் சிரிப்பார்கள். கோயில் திருவிழாவில் பாட்டுக் கோஷ்டி நடத்துகிறவரிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். அவர் நாலு வரி கேட்டுவிட்டு, "பிள்ளை, பொம்பிளைப் பாட்டுக்கு உந்தக் குரல் எடுபடாது" என்றார். எனக்கு முகம் எரிந்தது. நீயோ சைக்கிளில் ஏறிக்கொண்டே, "அவருக்குக் காதிலை ஏதோ பிழையடி, பாவம்" என்றாய்.

நீ பாடத் தொடங்கினால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துவார்கள். மெச்சுவதற்காக இல்லை. ஏதோ செய்து அகப்பட்டுக்கொண்டவர்கள் போல இருப்பார்கள். நீயே வரி கட்டி நீயே மெட்டுப் போட்ட பாட்டு நாலு இருந்தது. அந்த நாலையும் பதிந்து வைக்கவேணும் என்று நச்சரித்தது நீ இல்லை, நான்தான்.

அப்போது நமக்கு இருபத்து நாலு வயது. ஊரில் மின்சாரம் இல்லாமல் போய் வருடக் கணக்கு. பற்றரி அரசாங்கம் தடைசெய்த சாமான். எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் நாமும் செய்தோம். கொழும்புத்துறையில் உங்கள் வீட்டு விறாந்தையில் என் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயரை யன்னலுக்குள்ளால் இழுத்து, உன் அப்பாவின் ரேப் றெக்கோடரில் கொழுவினோம். நான் வெளியே சைக்கிளில் ஏறியிருந்து பெடலை உழக்க, நீ உள்ளே யன்னலுக்கெல்லாம் போர்வை கட்டிவிட்டுப் பாடினாய். சங்கிலிச் சத்தம் பதியக் கூடாது என்று அந்த ஏற்பாடு. நல்ல மத்தியான வெயில்.

முதல் நாலு தரமும் பிழைத்தது. ஒருதரம் காகம் கத்தியது, ஒருதரம் வயர் கழன்றது, இரண்டு தரம் உனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்தாம் தரம் தொடங்க முன்னம் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டி, "களைச்சுப் போனியேடி? நாளைக்குப் பாப்பமே?" என்று கேட்டாய்.

கொக்குவிலில் இருந்து வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சைக்கிள் உழக்கி வந்தவள் நான். கால் இரண்டும் நடுங்கின. "களைக்கேல்லை, நீ பாடு" என்றேன். என் வாய்க்கொழுப்பு அது. சாகும்வரை என்னை விடாது.

ஐந்தாம் தரம் நாலு பாட்டும் ஒரு பிழையுமில்லாமல் முடிந்தன. கடைசியில், உழக்கினது போதும் என்று நீ "காணும், இறங்கடி" என்றாய். அந்த இரண்டு சொல்லும் பாட்டோடு சேர்ந்து பதிந்திருந்தன.

நான் மெதுவாக உழக்க, நாடாவும் மெதுவாக ஓடியிருக்கிறது. அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் குரல் விரைந்து, மெலிந்து, உயர்ந்துவிடும். இது எங்களுக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இரண்டு கிழமை கழித்து எங்கள் ஒழுங்கையில் ஒரு கல்யாண வீடு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர் கொண்டுவந்திருந்தார்கள். நான் பெருமைப்பட்டுக்கொண்டு கசெற்றைக் கொடுத்தேன். ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய பெட்டைக் குரல் வந்தது.

சபை சொக்கிப்போனது. "ஆரிந்தப் பிள்ளை? என்ன வடிவாப் பாடுது!" என்று, உன்னைப் பின்வரிசையில் நிறுத்தினவர்களே கேட்டார்கள். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"உது நானில்லையடி. உதை அழிச்சுப்போடு. திரும்பப் பாடுவம்."

"ஓம், அழிக்கிறன்" என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

திரும்பப் பாட நமக்கு நாள் கிடைக்கவில்லை. அந்த ஐப்பசி மழையில், ஆமி வருகுது என்று ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் போனது. கசெற் என் பையில், சொப்பிங் பையால் சுற்றியபடி கிடந்தது. நாங்கள் கொடிகாமத்தோடு நின்று, பிறகு திரும்பி வந்துவிட்டோம். நீ அப்பாவோடு வன்னிக்குப் போனாய். அடுத்த வருடம் ஒரு கொட்டிலுக்குள், மலேரியா மூளைக்கு ஏறி, மூன்று நாளில் முடிந்துபோனாய். கடைசி நாள் உனக்குக் குரலே எழும்பவில்லையாம். எனக்குக் கடிதம் வந்து சேர்ந்தபோது உன் முப்பத்தோராம் நாள் காரியமும் கழிந்திருந்தது. கத்தி அழக்கூட நேரம் தப்பிப்போன ஒரு சாவு.

பிறகு கனடாவில் இருந்து உன் அண்ணன் எழுதினார். தங்கச்சியின் ஒரு துணிகூடத் தன்னிடம் இல்லை, ஏதாவது இருந்தால் அனுப்பு என்று. நான் என்னடி செய்வேன்? அழிப்பேன் என்று உனக்குச் சொன்னதை அவருக்கு அனுப்பிவிட்டேன். அங்கே ஒருவரிடமிருந்து ஒருவராகப் பிரதி எடுத்து, பிறகு இணையத்திலும் போட்டு, அந்த மெல்லிய குரலை ஆயிரம் வீட்டில் கேட்டார்கள். அண்ணனும் போன வருடம் தவறிவிட்டார். அந்த முதல் கசெற்றும் எங்கோ தொலைந்துபோயிற்றாம்.

போன மாதம் அவருடைய மகன் வந்தான். முப்பது வயது தாண்டின ஆம்பிளை, உங்கள் வீட்டு மூக்கு. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, "அன்ரி, மாமி இருந்திருந்தா என்னென்ன பாடியிருப்பா எண்டு யோசிச்சுப் பத்துப் பாட்டுச் செய்திருக்கிறன். அந்தப் பழைய பதிவை வைச்சு மாமியின்ரை குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கியிருக்கிறன், அதுதான் பாடுது. யாழ்ப்பாணத்திலைதான் வெளியிடவேணும், நீங்கள்தான் விளக்கேத்தவேணும்" என்றான். பத்தும் காதல் பாட்டு. பத்திலும் உனக்கு இருபத்து நாலு வயது. அவனில் பிழை சொல்ல மாட்டேன். காணாத மாமிக்காக இரண்டு வருடம் நித்திரை முழித்திருக்கிறான்.

இருந்திருந்தால் நீ என்ன பாடியிருப்பாய் என்று நானும் யோசிக்காமல் இருந்ததில்லை. முப்பத்தைந்து வயதில் திருவிழா மேடையில் நிற்பாய். முன்னால் நிற்கிற பெடியள் டப்பாங்குத்துக் கேட்டு விசிலடிப்பார்கள். "வாயைப் பொத்துங்கோடா" என்று மைக்கில் ஏசிவிட்டு உன் பாட்டைத்தான் பாடுவாய். நாற்பதில் குரல் இன்னும் இறங்கி, கரகரத்திருக்கும். காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு றோட்டோரம் இருக்கிற தாய்மாரோடு போய் இருந்து பாடியிருப்பாய். இல்லாவிட்டால் ஒன்றுமே பாடாமல் கனடாவில் குளிருக்குள் வேலைக்குப் போய்வந்து, என்னோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பாய். பாட்டை விட்டிருந்தாலும் பரவாயில்லை. அது நீ விட்டதாக இருந்திருக்கும்.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைனமோ, என் கால், கல்யாண வீடு, நீ அழிக்கச் சொன்னது. அவன் கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்தான். பிறகு எழும்பி வந்து என் கையைப் பிடித்தான்.

"அப்ப மாமியின்ரை உண்மையான குரலை ஒருத்தரும் கேக்கேல்லையே? அன்ரி, திருத்தலாம். நான் மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டு வாறன். சரியான இடம் வந்த உடனை கையைத் தூக்குங்கோ. பத்தையும் அந்தக் குரலுக்கு மாத்துறன்."

அடியே, நான் கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன். நீ திரும்பி வரப்போகிறாய் என்று நினைத்தேன்.

அவன் முதல் பாட்டை இறக்கினான். குரல் தடித்தது. இதுதான் என்று நினைத்தேன். இன்னும் இறக்கினான். அதுவும் நீயாகத்தான் இருந்தாய். இன்னும் இறக்க, அதுவும். திரும்பப் போடச் சொன்னேன். பாட்டு வேண்டாம், பழைய பதிவின் கடைசியில் மாமி கதைக்கிற இடத்தைப் போடு தம்பி என்றேன். "காணும், இறங்கடி." கொஞ்சம் கீழே, "காணும், இறங்கடி." இருபது தரம் கேட்டிருப்பேன். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த யாரோ ஒருத்தியாக இருந்தது. உன் குரல் எனக்குள்ளே பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். தேடிப் பார்த்தால் அங்கே குரல் இல்லை. அது கனத்த குரல் என்ற செய்தி மட்டும்தான் இருந்தது.

"தெரியேல்லைத் தம்பி, மறந்துபோனன்" என்று சொல்லியிருக்கலாம். அவன் கண்ணை எடுக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஓரிடத்தில் கையைத் தூக்கினேன்.

"இதுவோ அன்ரி? வடிவாத் தெரியுமோ?"

"வடிவாத் தெரியும்."

மண்டபம் நிறையச் சனம். விளக்கை நான்தான் ஏற்றினேன். நான் கைகாட்டின குரலில் பத்துப் பாட்டும் போனது. முடிந்த பிறகு உங்கள் முன்வீட்டு அக்கா, உன்னைத் தொட்டிலில் இருந்து தெரிந்தவ, பொல்லை ஊன்றிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "அச்சொட்டா அவளேதானடி. கண்ணை மூடினா முன்னாலை நிக்கிறாள்." ஒருவேளை சரியாகத்தான் கைகாட்டிவிட்டேனோ என்று ஒரு கணம் நெஞ்சு துள்ளியது. பிறகு பார்த்தால், முதலில் அண்ணன் வைத்திருந்த அந்த மெல்லிய குரலைக் கேட்டுவிட்டும் இதே அக்கா இதே வார்த்தையைத்தான் சொன்னதாக உன் மருமகன் சொல்கிறான்.

உன்னைத் தெரிந்தவர்கள் இங்கே பத்துப் பேர்கூட மிச்சமில்லை. இனி அவர்களுக்கும் அந்தக் குரல்தான் நீ. எனக்கும்தான். இன்று அழுது முடித்துவிட்டு, உன் பெயரைச் சொல்லி மனதுக்குள் ஒருதரம் கூப்பிட்டுப் பார்த்தேன். நீ அந்தக் குரலில்தான் "என்னடி" என்றாய்.