மன்பீருக்காகத் தங்கிவிட்டேன்

தோஹா

அன்புள்ள அம்மாவின் காலைத் தொட்டு வணங்கி தில்பகதூர் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

இங்கே மாறி ஏற வேண்டிய காத்மாண்டு விமானத்துக்கு ஒரு நாள் நேரமிருந்ததால் நேற்று ஊர் பார்க்க வெளியே போனோம். வெயிலில் பக்கத்து வீட்டு மன்பீர் மயங்கி விழுந்துவிட்டான். மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி கண் விழித்ததும், "அண்ணே, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க, இவங்க பேசுறது ஒண்ணும் புரியல" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அதனால் இன்றைய விமானத்தில் நான் ஏறவில்லை. கூட வந்த கட்கா இப்போது கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தசைன் பண்டிகைத் திலகத்துக்குத் தயிரும் குங்குமமும் சேர்த்து அரிசி குழைக்கும்போது எனக்கும் கொஞ்சம் எடுத்துவையுங்கள், காய்ந்துபோனாலும் பரவாயில்லை. மன்பீரின் மனைவி கேட்டால், டிக்கெட்டில் ஏதோ சிக்கல் என்று மட்டும் சொல்லுங்கள். காலையிலிருந்து அவன் கண் திறக்கவில்லை, அம்மா. நர்ஸ் கூப்பிடுகிறார், போகிறேன்.

தில்பகதூர்