பனியில் நீங்கள் சிரித்த ஞாயிறு

அண்ணை,

இன்று காலை லிஃப்டுக்குள் மேல்வீட்டுக்காரரின் நாய் மழையில் நனைந்து வந்து என் காலடியில் உடம்பை உதறியது. ஈர ரோமத்தின் நாற்றம் மூக்கில் ஏறியதும், இறங்க வேண்டிய மாடி வந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். நீங்கள் கண்மூடிய நாள் நினைவுக்கு வரவில்லை. மதோனியே மலையில் கறுப்பனோடு நாம் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

லிபெர்த்தாத் தெருவில் நீங்கள் வேலை செய்த வீட்டின் எசமானியம்மா, நம் சிஞ்ஞோரா, வளர்த்த நாய்க்குட்டி அவன். அவர் வைத்த பெயர் நேரோ; இத்தாலிய மொழியில் கறுப்பு. நீங்கள் கறுப்பன் என்றே கூப்பிட்டீர்கள். "இரு", "வா", "விடு" எல்லாம் அவனுக்குத் தமிழில்தான் விளங்கும். தன் நாய்க்குத் தன் பேச்சுப் புரியவில்லை என்று சிஞ்ஞோரா குறைப்பட்டுக்கொள்வார்.

ஊரில் சண்டை மூண்டு வலிகாமத்துச் சனம் வீடுவாசலை விட்டு வெளியேறிய பிறகு வந்த குளிர்காலம் அது. அம்மா கொடிகாமத்தில் யாரோ வீட்டில் ஒதுங்கியிருப்பதாக மட்டும் அறிந்திருந்தோம். கொழும்பிலிருந்து மாமா ஞாயிறுகளில் பல்லரோச் சந்தையில் இருந்த நம்மவர் கடைக்குத் தொலைபேசி எடுப்பார். நீங்கள் விடிந்ததுமே போய் அங்கே குந்திவிடுவீர்கள். சாப்பாடு இறங்காது. நீங்கள் சிரித்து நான் கண்டு மாதக்கணக்காகியிருந்தது.

கறுப்பனுக்குப் பனி காட்ட வேண்டும், நீங்கள் இருவரும் வாருங்கள் என்று சிஞ்ஞோரா கேட்டபோது நீங்கள் மறுத்தீர்கள். நான்தான் விடவில்லை.

"ஒரு ஞாயிறு போகாட்டி என்ன அண்ணை? கடைக்காரர் கேட்டு வைப்பார்தானே."

"அங்கை அம்மா என்ன பாடோ தெரியாது. எனக்கென்ன மலையும் பனியும்?"

"நீங்கள் இஞ்சை பட்டினி கிடந்தா அம்மாவுக்கு வயிறு நிரம்புமோ?"

உங்கள் தங்கச்சியின் வாய் அப்படி. நீங்கள் சப்பாத்தைக் கட்டினீர்கள்.

சிஞ்ஞோரா குளிருக்குப் பயந்து மலைவிடுதியில் தங்கிவிட, நாம் கறுப்பனோடு ஏறினோம். அவன் முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்தான். பிறகு மூக்கால் பனியை உழுதான், தும்மினான், குறுக்கும் மறுக்கும் ஓடினான். மேட்டிலிருந்து பாய்ந்து வந்தவன் உங்கள் முழங்காலில் மோத, இருவருமாகச் சரிவில் உருண்டீர்கள். நான் பதறிக்கொண்டு இறங்கினேன். நீங்கள் மல்லாந்து கிடந்தீர்கள். அவன் உங்கள் முகத்தை நக்கினான். நீங்கள் சிரித்தீர்கள், மூச்சு முட்டச் சிரித்தீர்கள்.

"பிள்ளை, இவனுக்கு விசர் பிடிச்சிட்டுது! அம்மாட்டைச் சொல்லவேணும், நம்பமாட்டா."

பின்னேரம் ஈரச் சப்பாத்தோடு பல்லரோவுக்குப் போனோம். கடைக்காரர் வெளியே வந்து உங்கள் கையைப் பிடித்தார்.

"தம்பி, மாமா எடுத்தவர். அம்மா மோசம் போயிட்டாவாம்."

காய்ச்சலாம். அந்த ஞாயிற்றுக்குச் சில நாட்களுக்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. காலையிலிருந்து கடையில் காத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனாலும் அன்று நீங்கள் சொன்னீர்கள்: "செய்தி வரேக்கை நான் நாயோடை உருண்டு சிரிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறன்."

என்னை ஒரு சொல்கூடக் குறைசொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு நீங்கள் மலைக்குப் போகவேயில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் கறுப்பனைச் சிஞ்ஞோராவின் காரில் ஏற்றிவிட்டு நின்றுகொள்வீர்கள். கலியாண வீடுகளில் எல்லோரும் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவீர்கள். பல் பழுதாக்கும் என்று அண்ணி நினைத்தார். அன்று சிரித்தது பாவமில்லை அண்ணை என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். நீதானே கூட்டிக்கொண்டு போனாய் என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற பயத்தில் விழுங்கிவிட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று உங்கள் மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன்.

"அப்பா அப்பிடிச் சிரிச்சவரோ மாமி?"

"ஓம் பிள்ளை. மலை முழுக்கக் கேட்டது."

குற்ற உணர்வு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த ஞாயிறு திரும்பி வந்தால், நான் மறுபடியும் உங்களோடு சண்டை பிடித்தாவது மலைக்குக் கூட்டிப்போவேன். அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.